அமெரிக்க அறுவைச் சிகிச்சைப் பயிற்சி: எந்த இடங்களுக்கு விண்ணப்பிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மருத்துவ மேற்படிப்புக்கு ஆயத்தமாகும் இளம் மருத்துவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளுக்கு எப்படிப் படிப்பது, நேர்காணலில் எப்படிப் பேசுவது, விசாவுக்கு எந்தெந்த ஆவணங்களைத் திரட்டுவது என்பவையெல்லாம் அவற்றில் விரிவாக எழுதப்படுகின்றன. ஆனால், அறுவைச் சிகிச்சைத் துறைக்குப் போக விரும்புகிறவர் எந்தெந்த மருத்துவமனைகளின் ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் பணிபுரிந்தபடியே பெறும் மேற்பயிற்சிக்கு) விண்ணப்பிக்க வேண்டும் என்ற கேள்வி வரும்போது மட்டும், ‘முடிந்தவரை எல்லா இடங்களுக்கும் போட்டு வையுங்கள்’ என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்நாட்டில் பொது அறுவைச் சிகிச்சைப் பயிற்சி பெற்று, இன்று ரெசிடென்ட்டுகளுக்கு, அதாவது அப்பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களுக்கு, கற்பிக்கும் பணியிலும் இருப்பவன் என்ற முறையில், அந்த அறிவுரை நம் பிள்ளைகளுக்கு நன்மை செய்யவில்லை என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு பயிற்சி இடத்தை அதன் பெயரைக் கொண்டோ, அங்கே நுழைவது எவ்வளவு எளிது என்பதைக் கொண்டோ எடை போடக் கூடாது. அங்கே ஐந்தாம் ஆண்டில் இருக்கும் ரெசிடென்ட்டின் நிலையைக் கொண்டே எடை போட வேண்டும். முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் ஆண்டுவரை வந்திருக்கிறார்கள், அவர்கள் தம் கையால் என்னென்ன அறுவைகளைச் செய்கிறார்கள், முடித்த பிறகு எங்கே போகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், அந்த இடத்துக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதலில், இடம் ஒதுக்கப்படும் முறையைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 1952 முதல் நடைமுறையில் உள்ள ‘மேட்ச்’ முறையில், விண்ணப்பதாரர் தமக்கு விருப்பமான இடங்களை வரிசைப்படுத்தித் தருகிறார். மருத்துவமனைகளும் தமக்கு விருப்பமான விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்துகின்றன. கணினி இரண்டையும் பொருத்துகிறது. ஆல்வின் ராத், எலியட் பெரன்சன் ஆகியோர் திருத்தியமைத்து, 1998ஆம் ஆண்டு மேட்சிலிருந்து பயன்பட்டுவரும் கணக்கீட்டு முறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. (இத்தகைய பொருத்தங்களைப் பற்றிய ஆய்வுக்காகவே ராத்துக்கும் லாய்டு ஷேப்லிக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.) ஆகவே, வரிசைப் பட்டியலில் ‘இது கிடைக்குமா, கிடைக்காதா’ என்று கணக்குப் போட்டு இடங்களை முன்பின்னாக மாற்றுவதால் எந்த லாபமும் இல்லை, உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதுவதே நல்லது. ஆனால் இந்தப் பாதுகாப்பு, நேர்காணலுக்குப் பிறகு தரும் வரிசைப் பட்டியலுக்கு மட்டுமே உரியது. அதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே, எங்கெங்கே விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்கும் கட்டத்தில் எந்தக் கணினியும் நம்மைக் காப்பாற்றுவதில்லை. அந்தப் பட்டியலில் இல்லாத இடம் பின்னால் எந்த வழியிலும் வரிசைக்கு வராது. விசாரிக்காமல் சேர்த்த இடம் வரிசைக்கு வந்து பொருந்தியும்விட்டால், அது கையொப்பமிட்ட ஒப்பந்தத்துக்குச் சமமாக விண்ணப்பதாரரைக் கட்டுப்படுத்தும். விசாரணையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்பாகப் புரிந்துகொள்ள வேண்டியது, ‘கேட்டகாரிக்கல்’ இடத்துக்கும் ‘பிரிலிமினரி’ இடத்துக்கும் உள்ள வேறுபாடு. கேட்டகாரிக்கல் என்பது ஐந்தாண்டுப் பயிற்சிக்கான முழு இடம். பிரிலிமினரி என்பது ஓராண்டுக்கு, சில இடங்களில் இரண்டாண்டுக்கு மட்டும் தரப்படும் இடம்; அதில் ஒரு பகுதி, கதிரியக்கவியல் போன்ற வேறு துறைகளில் இடம் உறுதியானவர்கள் முதலாண்டுப் பயிற்சிக்காக வருவது; மறுபகுதி, அடுத்த ஆண்டு எங்கே போவது என்ற உறுதி ஏதும் இல்லாதது. இரவுப் பணியும் வார்டு வேலையும் இரு வகையினருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆண்டு முடிவில் ஒருவருக்கு இரண்டாம் ஆண்டு காத்திருக்கிறது, மற்றவர் மீண்டும் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கிறார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1889இல் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கிய முறையில், கீழே பலர் சேர்ந்து உச்சியில் ஒருவரே மிஞ்சும்படி பயிற்சி கூம்பு வடிவில் இருந்தது. சேர்ந்தவர் அனைவரும் முடிக்கும் வகையில் அதை மாற்ற வேண்டும் என்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் எட்வர்ட் சர்ச்சில் 1930களின் இறுதியில் முன்வைத்த திட்டமே இன்று பொதுவாக நிலைபெற்றுள்ளது. என்றாலும், உறுதியற்ற பிரிலிமினரி இடங்கள் இருக்கும்வரை அந்தப் பழைய கூம்பின் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது என்றே சொல்வேன்; அதன் சுமை பெருமளவில் வெளிநாட்டு மருத்துவர்கள்மீதே விழுகிறது.

இதற்காகப் பிரிலிமினரி இடங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வழியாக உள்ளே வந்து, சிறந்த அறுவை மருத்துவர்களாகத் திகழ்கிறவர்களை நான் அறிவேன். ஆனால், அத்தகைய இடத்துக்கு விண்ணப்பிக்குமுன் ஒரு கேள்வியைத் தயக்கமில்லாமல் கேட்க வேண்டும்: கடந்த ஐந்தாண்டுகளில் இங்கே பிரிலிமினரியாக இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? தம்மிடம் இருந்தவர்களுக்கு வேறிடங்களில் இடம் தேடித்தர உண்மையாக முயலும் துறை இயக்குநர்கள், அந்த விவரத்தைப் பெருமையோடு எடுத்துச் சொல்வார்கள். மழுப்பலான பதில் வருகிற இடத்தில், ஆண்டுதோறும் இரவுப் பணிக்கு ஆள் சேர்க்கப்படுகிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

அடுத்தது, பயிற்சியின் உயிர்நாடியான கைப்பழக்கம். அமெரிக்காவில் ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.இ. அமைப்பு, பொது அறுவைச் சிகிச்சை முடிப்பவர் குறைந்தது 850 பெரிய அறுவைகளில் முதன்மைப் பங்கு வகித்திருக்க வேண்டும் என்றும், அவற்றில் 200 இறுதியாண்டில் நடந்திருக்க வேண்டும் என்றும் விதித்துள்ளது. மூன்றாம் ஆண்டு தொடங்குமுன்னரே 250ஐத் தொட வேண்டும் என்பதும் விதி. எல்லா இடங்களும் இந்தக் குறைந்த அளவைத் தாண்டியே தீர வேண்டும் என்பதால், ‘எங்கள் ரெசிடென்ட்டுகள் தேவையான எண்ணிக்கையைப் பூர்த்தி செய்கிறார்கள்’ என்ற அறிவிப்பால் நமக்குத் தெரியவருவது ஏதுமில்லை. கேட்க வேண்டியது, எந்த ஆண்டில் எவ்வகை அறுவைகள் கைக்கு வருகின்றன என்பதுதான். இரண்டாம் ஆண்டில் குடலிறக்க அறுவையையும் பித்தப்பை நீக்கத்தையும் முழுவதுமாகச் செய்து பழகிய ரெசிடென்ட், நான்காம் ஆண்டில் பெருங்குடல் அறுவைக்கு நிற்கும்போது கையில் தயக்கம் இருக்காது. முதல் மூன்றாண்டுகளை வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கழித்துவிட்டு, கடைசி இரண்டாண்டுகளில் எண்ணிக்கையை அவசரமாக நிரப்புகிறவரின் பதிவேட்டிலும் அதே 850தான் இருக்கும். இருவரின் கைகளும் ஒன்றாகிவிடுமா?

புகழ்பெற்ற பெரிய மருத்துவமனைகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கல்லீரல், கணையம், பெருங்குடல், உடற்பருமன், நுண்துளை அறுவை என ஒவ்வொரு பிரிவிலும் ஃபெலோஷிப் (ரெசிடென்சி முடித்தவர்கள் பெறும் சிறப்புப் பயிற்சி) நடக்கும் இடங்களில், அரிய அறுவைகள் வந்துகொண்டே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த மேசைகளில் மருத்துவரின் எதிர்ப்பக்கம் நிற்பவர் பெரும்பாலும் ஃபெலோவாகவே இருப்பார். ஐந்தாம் ஆண்டு ரெசிடென்ட் கேமராவைப் பிடித்துக்கொண்டோ, வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடித்துக்கொண்டோ நிற்கும் நிலை அங்கே அரிதல்ல. இதற்கு நேர்மாறாக, ஃபெலோக்களே இல்லாத நடுத்தரச் சமூக மருத்துவமனைகளில் அன்றாட அறுவைகள் ஏராளமாகக் கிடைக்கும். ஆராய்ச்சிக்கான வசதியும் அரிய நோய்களும் குறைவாக இருக்கும். பல்கலைக்கழகங்களோடு இணைந்து இயங்கும் மாவட்ட அரசு மருத்துவமனைகளும், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளும் ரெசிடென்ட்டுக்குத் தம் நோயாளியைத் தாமே முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பழக்குவதில் பேர்பெற்றவை. எந்தப் பயிற்சியின் சுழற்சியில் இவை எத்தனை மாதங்கள் இடம்பெறுகின்றன என்று பார்ப்பது, அந்தப் பயிற்சியின் பெயர்ப் பலகையைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

பொது அறுவைச் சிகிச்சை முடிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஃபெலோஷிப்புக்குப் போகிறார்கள். அதனால் ‘பெரிய பெயர் இல்லாமல் நல்ல ஃபெலோஷிப் கிடைக்குமா’ என்ற அச்சம் மாணவர்களுக்கு இருப்பது இயல்பே. குழந்தைகள் அறுவைச் சிகிச்சை போன்ற, போட்டி மிகுந்த சில பிரிவுகளில் ஆராய்ச்சிப் பின்னணியும் பரிந்துரைப்பவரின் பெயரும் கூடுதல் எடை பெறுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. மற்றவர்கள், தாம் பார்க்கும் இடத்திலிருந்து கடந்த சில ஆண்டுகளில் முடித்தவர்கள் எங்கெங்கே சேர்ந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தாலே போதும். அநேகமாக ஒவ்வொரு பயிற்சித் திட்டமும் அதைத் தன் இணையப் பக்கத்தில் வெளியிடுகிறது. அமெரிக்க அறுவைச் சிகிச்சை வாரியமும் அதன் எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் ஒவ்வொரு பயிற்சி இடத்தின் மாணவர்கள் எத்தனை விழுக்காடு தேர்ச்சி பெற்றார்கள் என்பதைப் பொதுவில் வெளியிடுகிறது. எவரையும் கெஞ்சாமல், எவருக்கும் பணம் தராமல் பெறக்கூடிய இந்த இரண்டு விவரங்களைக்கூடப் பார்க்காமல் விண்ணப்பக் கட்டணம் செலுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

விசா பற்றிய கேள்வியை நேர்காணல்வரை தள்ளிப்போடக் கூடாது. சில இடங்கள் ஜே-1 எனப்படும் பரிமாற்றப் பயிற்சி விசாவை மட்டுமே ஏற்கும். சில இடங்கள் எந்த விசாவையும் ஏற்பதில்லை. எச்-1பி எனப்படும் பணி விசாவுக்கு யு.எஸ்.எம்.எல்.இ. மூன்றாம் கட்டத் தேர்வை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும் என்பதோடு, புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அதிபரின் பிரகடனம் வெளிவந்த பிறகு, அதை நம்பி இருப்பது முன்னைவிடக் கடினமாகியுள்ளது. ஜே-1இல் வருகிறவர் பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் தங்க வேண்டும். அல்லது, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டுகள் பணிபுரிவதாக ஒப்புக்கொண்டு விலக்குப் பெற வேண்டும். ‘கான்ராட் 30’ எனப்படும் அவ்வகை விலக்கு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு முப்பதே. அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜே-1இல் மருத்துவப் பயிற்சிக்குப் பொதுவாக ஏழாண்டுகளே உச்சவரம்பு. பொது அறுவைச் சிகிச்சையே ஐந்தாண்டுகளை எடுத்துக்கொள்கிறது. பல பல்கலைக்கழகங்களில் இடையில் ஓராண்டோ இரண்டாண்டோ ஆராய்ச்சியும் கட்டாயம். அந்த ஆராய்ச்சி ஆண்டுகள் எந்தக் கணக்கில் சேரும், அப்போது சம்பளம் தருபவர் யார், பின்னால் ஃபெலோஷிப்புக்குக் காலம் மிஞ்சுமா என்பதையெல்லாம் விண்ணப்பிக்குமுன்பே அத்துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, பெற்றோர்களும் படிக்க வேண்டும் என்று நான் விரும்பும் பகுதி. அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் முடிக்காமல் விலகுகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வறிக்கை ஒன்று மதிப்பிட்டது. 2018இல் 262 பயிற்சி இடங்களைச் சேர்ந்த 7,409 ரெசிடென்ட்டுகளிடம் கேட்டறிந்து, அடுத்த ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிடப்பட்ட ஆய்வில், பெண்களில் 65.1 விழுக்காட்டினர் பாலினப் பாகுபாட்டை எதிர்கொண்டதாகவும், மொத்தத்தில் 38.5 விழுக்காட்டினர் வாரந்தோறும் பணிச்சோர்வின் அறிகுறிகளை உணர்வதாகவும் கூறினார்கள்; 4.5 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணமே வந்திருந்தது. இந்த எண்களைப் படித்துவிட்டு ‘இந்தத் துறையே வேண்டாம்’ என்று மகளையோ மகனையோ தடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அதே ஆய்வின் இன்னொரு முடிவையும் பார்க்க வேண்டும்: கடுஞ்சொல்லுக்கு ஆளானதாகச் சொன்னவர்களின் அளவு ஓரிடத்தில் பூஜ்யமாகவும், வேறோரிடத்தில் 66.7 விழுக்காடாகவும் இருந்தது. ஒரே துறை, ஒரே விதிகள், வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற ஒரே வரம்பு. இருந்தும் இடத்துக்கு இடம் இவ்வளவு வேறுபாடு. துன்பம் இந்தத் தொழிலோடு பிறந்தது என்று சொல்லி எவரும் தப்பிக்க முடியாது என்பதையும், எங்கே விண்ணப்பிக்கிறோம் என்ற தேர்வு எவ்வளவு பெரிது என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

இத்தகைய விவரங்களை எந்த இணையப் பக்கமும் வெளியிடாது. ஆனால் தேட வழிகள் உண்டு. ஒரு பயிற்சி இடத்தின் பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டின் ரெசிடென்ட்டுகளும் படத்தோடு இருப்பார்கள். முதலாண்டில் ஆறு கேட்டகாரிக்கல் பேரும் நான்காம் ஆண்டில் நான்கு பேரும் இருந்தால், மற்ற இருவர் ஆராய்ச்சியில் இருக்கிறார்களா, விலகிவிட்டார்களா என்று கேளுங்கள். விலகியவர்கள் பெண்களாகவோ வெளிநாட்டு மருத்துவர்களாகவோ மட்டுமே இருந்தால், அதைக் கவனியுங்கள். குழந்தை பெற்றுக்கொண்டு பயிற்சியைத் தொடரும் ரெசிடென்ட் எவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். நேர்காணலின்போது ரெசிடென்ட்டுகளோடு தனியாகப் பேசும் நேரத்தில், துறைத் தலைவர் இல்லாதபோதும் அவர்கள் வாயைத் திறக்கத் தயங்கினால், அந்த மௌனத்துக்குள் ஒரு பதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் மரியாதை கருதி இவற்றையெல்லாம் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களிடம் கேள்வி கேட்பது அடக்கமின்மை என்று வளர்ந்த பழக்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை. ஆனால் ஐந்தாண்டு உழைப்பை ஒப்படைக்கப்போகிறவர் கேட்கும் பணிவான கேள்வியை, நல்ல பயிற்சி இயக்குநர் எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லப்போனால், எங்களிடம் நேர்காணலுக்கு வருகிறவர்களில் இப்படிக் கேட்பவர்களைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம்.

அங்கீகார நிலையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. எச்சரிக்கையின் கீழோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ உள்ள பயிற்சி எது என்பதை ஏ.சி.ஜி.எம்.இ.யின் தளத்தில் எவரும் பார்க்கலாம். மருத்துவமனையின் நிதிநிலையும் கவனிக்கத்தக்கதே. 2019இல் பிலடெல்பியாவின் ஹானிமன் பல்கலைக்கழக மருத்துவமனை மூடப்பட்டபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரெசிடென்ட்டுகளும் ஃபெலோக்களும் சில வாரங்களுக்குள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. விசாவில் இருந்தவர்களின் கவலை மற்றவர்களினும் பெரிதாக இருந்தது.

எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிப்பது? யு.எஸ்.எம்.எல்.இ. முதற்கட்டத் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து வெறும் தேர்ச்சி–தோல்வியாக மாறிய பிறகு, மதிப்பெண்ணைக் கொண்டு வடிகட்டும் பழைய வழி பாதி அடைபட்டுவிட்டது. விண்ணப்பங்களோ மலைபோல் குவிகின்றன. ஆகவே, ‘இந்த இடத்தில் எனக்கு உண்மையான விருப்பம் உண்டு’ என்று விண்ணப்பதாரர் குறிப்பிட்டுச் சொல்லும் ‘சிக்னல்’ முறை வந்தது. பொது அறுவைச் சிகிச்சைக்குத் தொடக்கத்தில் ஐந்து சிக்னல்கள் மட்டுமே இருந்தன. பின்னர் எண்ணிக்கை கூட்டப்பட்டது. எலும்பியல் அறுவைக்கு முதலிலிருந்தே முப்பது. சிக்னல் வந்த விண்ணப்பங்களையே பல துறைகள் முதலில் திறக்கின்றன என்பதால், சிக்னல் இல்லாமல் நூற்றுக்கணக்கான இடங்களுக்கு அனுப்புவது, கட்டணத்துக்கேற்ற பலனை அநேகமாகத் தருவதில்லை.

விசா தருகிறார்களா, வெளிநாட்டு மருத்துவர்களைக் கேட்டகாரிக்கல் இடத்தில் எடுத்து முடிக்கவும் வைத்திருக்கிறார்களா, பட்டம் பெற்று எத்தனை ஆண்டுகள்வரை ஏற்கிறார்கள் என்ற மூன்றையும் முதலில் பார்த்துப் பட்டியலைச் சுருக்க வேண்டும். மிஞ்சுகிற இடங்களில்தான் கைப்பழக்கம், சூழல், ஆராய்ச்சி ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். சிக்னல்களையெல்லாம் கனவு இடங்களுக்கே செலவிட்டுவிடாமல், அங்கே தம்மை அறிந்த மருத்துவர் ஒருவராவது இருக்கும் இடங்களுக்கும், தாம் ஏற்கெனவே சில வாரங்கள் பணிபுரிந்து பார்த்த இடங்களுக்கும் கணிசமான பங்கைத் தர வேண்டும். முன்பின் தெரியாத நூறு அலுவலகங்களுக்கு அனுப்பிய விண்ணப்பத்தைவிட, ஒருவரின் கையையும் பொறுமையையும் நேரில் பார்த்த ஓர் அறுவை மருத்துவர் எழுதும் கடிதம் வெகுதூரம் போகிறது.

‘வெளிநாட்டு மருத்துவர்களுக்கு உகந்த இடங்கள்’ என்று பெரும் பட்டியல்களைப் பணத்துக்கு விற்கும் வழிகாட்டி நிறுவனங்கள் இப்போது பெருகியுள்ளன. நான் பார்த்த அத்தகைய பட்டியல்களில் பிரிலிமினரி இடங்களும் கேட்டகாரிக்கல் இடங்களும் பிரிக்கப்படாமல் கலந்தே இருந்தன. வெளிநாட்டு மருத்துவர்களை ஓராண்டுக்கு எடுத்து அனுப்பிவிடும் இடமும், ஐந்தாண்டு பயிற்றுவித்துத் தன் ஆசிரியர் குழுவிலேயே சேர்த்துக்கொண்ட இடமும் அங்கே ஒரே நிறையில் அடுத்தடுத்து நிற்கின்றன. இதை நம்பி, கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களை எண்ணும்போது, நாளிதழ்கள் இந்த இடத்தில் செய்யக்கூடிய உதவி மிகப் பெரிது என்று தோன்றுகிறது.

எனவே, ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் இறுதியில் விண்ணப்பங்கள் பயிற்சி இடங்களின் பார்வைக்குப் போய்ச் சேருகின்றன. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பாக, ஜூலையிலேயே, தங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு முழுப் பக்கத்தை இதற்காக ஒதுக்க வேண்டும். வாரியத்தின் தேர்ச்சி விவரங்கள், ஏ.சி.ஜி.எம்.இ.யின் அங்கீகார நிலை, பயிற்சி இடங்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஃபிரெய்டா’ தரவுத்தளம் ஆகிய மூன்றையும் எப்படிப் பார்ப்பது, அவற்றை எப்படிப் படிப்பது என்பதைத் தமிழில் விளக்குங்கள். அங்கே பயிற்சியில் இருக்கும் தமிழ் ரெசிடென்ட்டுகளை, குறிப்பாகப் பிரிலிமினரி இடத்திலிருந்து முழு இடத்துக்கு மாறியவர்களையும், மாற முடியாமல் வேறு துறைக்குப் போனவர்களையும், எழுதச் சொல்லுங்கள். என்னால் இயன்றவரை, வாசகர்களின் கேள்விகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாகவே பதில் எழுதித்தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பொது அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர்